சிற்றீயின் பெயர் அறிந்தவர்

தில்லியைக் கடந்து செல்லும் யமுனை ஆறு ஆக்ராவை அடைகிறது. அந்நகரின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பூச்சியியல் ஆய்வை வளர்த்தவர் ஒரு தமிழர். அவர் பெயர் மகாதேவ சுப்பிரமணிய மணி. அவர் 1908ஆம் ஆண்டு தஞ்சை மண்ணில் பிறந்தார்.

செடிகளின் இலைகளிலும் தண்டுகளிலும் சிலவேளை கொப்புளம் போன்ற புடைப்புகள் தோன்றும். அவற்றைக் கழலைகள் என்பர். சில கழலைகளுக்குள் ஒருவகைச் சிற்றீயின் புழு வளர்கிறது. வளர்ந்த ஈ பெரும்பாலும் கொசுவினும் சிறியது. வெறுங்கண்ணுக்கு எல்லா ஈக்களும் ஒன்றுபோலவே தோன்றும்.

அவற்றுள் தீமை செய்வதும் உண்டு. நன்மை செய்வதும் உண்டு. நம் உழவர் ஆனைக்கொம்பன் என்று அழைக்கும் ஈயின் புழு, நெற்பயிரின் குருத்தை வெண்ணிறக் குழலாக மாற்றிவிடும். அத்தண்டில் கதிர் வாராது. அதன் உறவினமான வேறு சில ஈக்களின் புழுக்களோ, பயிரின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கின்றன. பகை எது, நட்பு எது என்று பிரித்தறியாமல் பயிரைக் காப்பது எவ்வாறு?

இப்பணியில் மணி ஈடுபட்டார். 1930களில் கல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் இவ்வீக்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். இத்தகைய ஆய்வில், ஈயின் உடலைக் கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியால் நோக்குவர். மணிமாலை போன்ற உணர்கொம்பில் கணுக்கள் எத்தனை? சிறகின் நரம்புகள் எவ்வாறு செல்கின்றன? கால் நகத்தில் பல் உண்டா? ஆண் ஈயின் வயிற்று நுனி எவ்வடிவினது? இவை அனைத்தையும் அளந்து, வரைந்து, முன்பு அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிடுவர். எதனோடும் பொருந்தாவிடில் அது புதிய இனம். அதற்குப் பெயரிட்டு, அந்த ஈயையே மூலமாதிரியாகப் பாதுகாப்பர்.

1950களில் மணி தம் மாணவர்களுடன் இமயமலை ஏறி, பனியோரத்தில் வாழும் பூச்சிகளையும் ஆராய்ந்தார். உயர்மலைப் பூச்சிகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1968இல் வெளிவந்தது. 2003இல் அவர் மறைந்தார். பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு சென்ற அவர், சென்ற இடமெல்லாம் சிற்றுயிர்களை உற்று நோக்கினார். உங்கள் வீட்டருகே உள்ள மரத்தின் இலையைத் திருப்பிப் பாருங்கள். அங்கும் ஒரு கழலை இருக்கலாம்.

அருஞ்சொற்பொருள்
குருத்து – இளந்தளிர்
கணு – இணைப்புப் பகுதி
மூலமாதிரி – ஓர் இனத்திற்கு அடையாளமாகப் பாதுகாக்கப்படும் உயிரி

வினா
ஈக்களைப் பிரித்தறிவதால் உழவர் பெறும் பயன் யாது?