சிமுலாவைத் தந்த ஓலே-யோஹான் டால்

ஓலே-யோஹான் டால் 1931ஆம் ஆண்டு நார்வேயில் உள்ள மண்டால் நகரில் பிறந்தார். கணிதமும் பியானோ இசையும் அவருக்கு மிகவும் பிடித்தவை. 1960களில் அவரும் கிறிஸ்டன் நிகார்டும் ஆஸ்லோவில் உள்ள நார்வே கணினி மையத்தில் சிமுலா என்னும் நிரலாக்க மொழியை உருவாக்கினர். உலகில் நடப்பவற்றைக் கணினியில் நடத்திப் பார்ப்பதே அதன் நோக்கம்.

கேலாங் சாலையை நினைத்துப் பாருங்கள். போக்குவரத்து விளக்கின்முன் பேருந்து, லாரி, டாக்சி எல்லாம் வரிசையாக நிற்கின்றன. இதைக் கணினியில் அமைத்தால், அடுத்து வரும் வாகனம் எது என்பது நிரலை எழுதும்போது தெரியாது. நிரல் இயங்கும்போதுதான் தெரியும். லாரியைப் பேருந்தென்று கொண்டு பயணிகளின் எண்ணிக்கையைக் கேட்டால் நிரல் தடுமாறிவிடும்.

ஆகவே, ஒரு பொருள் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதை நிரல் இயங்கும்போதே சோதிக்கும் வசதியை இருவரும் சிமுலா 67இல் அமைத்தனர். ஜாவா, பைத்தான் போன்ற இன்றைய மொழிகளிலும் இத்தகைய வசதி உண்டு.

1968இல் டால் ஆஸ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார். இருவருக்கும் 2001ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது கிடைத்தது. 2002 ஜூன் மாதத்தில் டால் மறைந்தார். ஆறு வாரங்களில் நிகார்டும் மறைந்தார். ஊகித்துச் செயல்படாமல் கேட்டறிந்து செயல்படும் வழக்கத்தை அவர்கள் கணினிக்குக் கற்றுத் தந்தனர்.