பாஸ்டன் வணிகர் ஜான் ஹான்காக்

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எல்லோரினும் பெரிய எழுத்தில் கையொப்பமிட்டுள்ள ஜான் ஹான்காக், நம்மைப் போல் ஏற்றுமதி இறக்குமதி செய்த வியாபாரியே. அன்னாரின் வரலாற்றைச் சுருக்கித் தருகிறோம்.

1737-ல் மாசசூசெட்ஸில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்து, ஏழு வயதில் தந்தையை இழந்தார். பாஸ்டனில் புத்தகக் கடை வைத்துப் பெருஞ்செல்வரான சிறிய தகப்பனார் தாமஸ், தமக்குப் பிள்ளையில்லாமையால் இவரை வளர்த்துத் தொழில் பழக்கினார். 1764-ல் அவர் காலமானபோது கப்பல்களும் கிடங்குகளும் 27 வயது இளைஞர் கைக்கு வந்தன.

மறு ஆண்டே பிரிட்டிஷ் பார்லிமெண்டு முத்திரை வரி விதித்தது. பத்திரம், பத்திரிகை, சீட்டுக்கட்டுக்குக் கூட வரி. அப்பார்லிமெண்டில் அமெரிக்கக் குடியேற்றத்தாருக்கு ஓர் அங்கத்தினரும் கிடையாது. வியாபாரிகள் லண்டன் சரக்கைத் தருவிப்பதை நிறுத்தினர், ஹான்காக்கும் சேர்ந்துகொண்டார். சரக்கில்லாத கடையில் உட்கார்ந்திருக்கும் சிரமத்தை நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. லண்டன் வியாபாரிகளும் நஷ்டப்பட்டு முறையிட, 1766-ல் வரி ரத்தாயிற்று.

1767-ல் கண்ணாடி, காகிதம், தேயிலை முதலியவற்றுக்குப் புதுச் சுங்கம் வந்தது. 1768 மே மாதம் அன்னாரின் லிபர்ட்டி கப்பல் மதீராத் தீவிலிருந்து 25 பெரிய பீப்பாய் மதுவுடன் வந்தது. (அச்சரக்கு நமக்கு ஆகாது, ஆயினும் அதைச் சொல்லாமல் இவ்வரலாறு நடவாது.) தீர்வையும் கட்டியாயிற்று. ஒரு மாதம் கழித்து, இரவில் மேலும் சரக்கு இறங்கியதென்று சுங்கச் சேவகர் ஒருவர் வாக்குமூலம் கொடுத்தார். அனுமதிச் சீட்டின்றி வேறு சரக்கு ஏற்றியதாகவும் சொல்லி, ஜூன் 10-ல் கப்பலைப் பறித்துப் போர்க்கப்பலருகே இழுத்துச் சென்றனர். துறைமுகத்து ஜனங்கள் கொதித்தெழ, அதிகாரிகள் தீவுக் கோட்டைக்கு ஓடினர். பிறகு 9,000 பவுன் கேட்டு, ஜூரிகள் இல்லாத கோர்ட்டில் ஹான்காக் மீது வழக்கு. ஜான் ஆடம்ஸ் அவருக்காக வாதாடினார். 1769-ல் சர்க்கார் காரணம் சொல்லாமலே வழக்கைக் கைவிட்டது; கப்பல் திரும்பவில்லை. அவர் கள்ளச்சரக்கு இறக்கினாரா என்பதில் இன்றும் சரித்திரக்காரர்கள் ஒத்துப்போகவில்லை. அவரை மாசற்றவரென நாமும் எழுதவில்லை. அவர் வீட்டில் அடிமைகளும் இருந்தனர்.

1773-ல், நம் சென்னையை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி, தான் பொறுக்கிய ஏஜெண்டுகள் மூலம் அமெரிக்காவில் தேயிலை விற்கச் சட்டம் பிறந்தது. விலை மலிவுதான், ஆனால் வரி நீங்கவில்லை, மற்ற வியாபாரிகளுக்கு இடமுமில்லை. நவம்பரில் கூடிய எதிர்ப்புக் கூட்டத்துக்கு ஹான்காக் தலைமை வகித்தார். டிசம்பர் 16-ல் 342 பெட்டித் தேயிலை கடலில் விழுந்தது.

1775-ல் யுத்தம் மூண்டதும் ஆங்கிலத் தளபதி பொது மன்னிப்பு அறிவித்தார். ஹான்காக்குக்கும் சாமுவேல் ஆடம்ஸுக்கும் மட்டும் மன்னிப்பில்லை. பின்னர் மாசசூசெட்ஸ் கவர்னராகி, 1793-ல் காலமானார்.

ஒரு குறை: ஹார்வர்டு கல்லூரிப் பொக்கிஷதாரராயிருந்த அவர், கடைசி வரை அக்கணக்கைத் தீர்க்கவேயில்லை. வாரிசுகள்தாம் பின்னர் தீர்த்தனர்.