செய்தியை அளந்த ஷானன்

தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் நோக்கி, எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் மின்ரயிலில் நாள்தோறும் செல்பவரிடம், அடுத்த நிலையம் சானடோரியம் என்று ஒருவர் உரைத்தால் அவர் புதிதாக அறிவது யாதும் இல்லை. நிலையங்களின் வரிசை மாறுவதில்லையன்றோ? சுண்டிய நாணயம் பூவா தலையா என்று கூறுவதோ உண்மையான செய்தி. விழுமுன் அதனை எவரும் அறியார். எதிர்பாராமை எவ்வளவோ அவ்வளவே செய்தி என்னும் இக்கருத்துக்குக் கணித வடிவம் தந்த பேரறிஞர் கிளாடு ஷானன் ஆவார்.

அவர் அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் 1916ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 30ஆம் நாள் பிறந்தார். கேலார்டு என்னும் சிற்றூரில் வளர்ந்தார். அரை மைல் தொலைவிலிருந்த தோழன் வீட்டிற்கு, வேலியின் முள்கம்பியையே தந்திக் கம்பியாக்கிச் செய்தி அனுப்பிய சிறுவர் அவர்! 1936இல் மின்பொறியியல், கணிதம் இரண்டிலும் பட்டம் பெற்றார். 1941இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அது போர்க்காலம். எனவே, இரகசியச் செய்திகளைக் காக்கும் முறைகளை ஆராயும் பணி அவரைச் சார்ந்தது. செய்தியின் நீளமே உடையதாய், ஒழுங்கு ஏதுமின்றித் தற்செயலாய் அமைந்த திறவுக்குறியை ஒருமுறை மட்டும் பயன்படுத்தினால், பகைவன் எத்துணை வல்லவனாயினும் மறைபொருளை அறிய இயலாது என்று அவர் நிறுவினார். தற்செயல் குன்றினால் காவலும் குன்றும்.

1948இல் அவர் வெளியிட்ட கட்டுரை செய்தியை அளக்கும் முறையை வகுத்தது. அவ்வளவிற்கு, வெப்பவியலில் வழங்கிய என்ட்ரோபி என்னும் பெயரையே இட்டார். அதன் அலகு பிட். நாணயச் சுண்டு ஒரு பிட். முன்னரே தெரிந்த நிலையத்தின் பெயர் சுழி. பின்னர் ஆங்கில உரைநடையையும் அளக்கப் புகுந்தார். நூலொன்றின் அடுத்த எழுத்து யாதென ஒவ்வொன்றாய் ஊகிக்குமாறு, கணிதம் வல்ல தம் மனைவியாரையே வேண்டினார். இருபத்தாறு எழுத்தும் இடைவெளியும் சமமாக வருமாயின் எழுத்தொன்றுக்கு ஏறத்தாழ 4.75 பிட் ஆகும். ஆனால், 1951இல் அவர் கண்ட அளவு 0.6க்கும் 1.3க்கும் இடைப்பட்டதே. மொழியில் பெரும்பகுதி ஊகிக்கத் தக்கது என்பது இதனால் விளங்கிற்று.

முதுமையில் மறதிநோய் அவரைப் பற்றியது. தம் கருத்தின்மேல் எழுந்த கணிப்பொறி உலகை உணரும் ஆற்றல் இழந்தவராய், 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் மறைந்தார்.

இன்று கணிப்பொறியில் ஒருவரிக் கட்டளையைத் தட்டினால், கோப்பிலுள்ள பைட்டுகளை எண்ணி அவற்றின் என்ட்ரோபியைக் கூறும் சிறு கருவிகள் உள்ளன. பைட்டு ஒன்றுக்கு உச்ச அளவு 8 பிட். திறவுக்குறி ஆக்கும் மூலங்கள் அவ்வளவை நெருங்குகின்றனவா என்று இவ்வாறு பார்ப்பர். ஆயினும் இவ்வெண்ணை நம்பி ஏமாறலாகாது. 0 முதல் 255 வரையுள்ள எண்களை வரிசையாக எழுதி, அதனையே திரும்பத் திரும்ப அடுக்கினாலும், தனித்தனியே எண்ணும் கருவி 8 என்றே காட்டும். ஆனால், ரயில் நிலையங்களின் வரிசைபோல், அடுத்தது யாதென்று சிறுவனும் சொல்லிவிடுவான்.

ஆகவே, ஒரு குறியை அடுத்து எக்குறி வரும் என்பதையும் சேர்த்து அளத்தல் வேண்டும். அமெரிக்காவில் பணியாற்றும் ராஜேஷ் ராவும், சென்னைத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தாரும், ஐராவதம் மகாதேவனும், பிறரும் கூடி 2009இல் சிந்துவெளிக் குறிகளை இம்முறையால் அளந்தனர். அவை முற்றிலும் தாறுமாறானவையும் அல்ல, மாறாத வரிசை உடையனவும் அல்ல. மொழிகளைப் போல் இடைநிலையில் உள்ளன என்று கண்டனர். அதுகொண்டே அவற்றை மொழியென்று துணிய இயலாது என மறுத்தோரும் உளர். அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.