பாகவதர் கிராப்பு: ஒரு தலைமுடியின் கதை, ஒரு மனிதரின் கதை

அந்தமானில், போர்ட் பிளேர் என்று நாம் சொல்லிப் பழகி, 2024-ம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் ஊரில், ஞாயிற்றுக்கிழமை காலையில் அபர்டீன் பஜார் பக்கம் முடிவெட்டும் கடைக்குப் போனால் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். துறைமுகத் தொழிலாளி, கட்டிட வேலைக்கு வந்தவர், அலுவலகக் குமாஸ்தா எல்லோருக்கும் அன்றுதான் ஓய்வு.

இளைஞர்கள் செல்போனில் ஒரு நடிகரின் படத்தைக் காட்டி, அதே மாதிரி அடுக்கடுக்காக வெட்டச் சொல்கிறார்கள். பெண்களின் அழகு நிலையங்களிலும் இதே கதைதான். நேரான முடி வெறுமனே தொங்கக் கூடாது. தலையைத் திருப்பினால் அசைய வேண்டும். அதற்கு லேயர் கட் கேட்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன்பு இதையே ஸ்டெப் கட்டிங் என்றார்கள்.

நடிகரைப் பார்த்து முடிவெட்டிக்கொள்வது புதிய வழக்கம் அல்ல. நம் தாத்தாக்கள் காலத்தில் செல்போன் இல்லை. படமும் தேவைப்படவில்லை. பெயரைச் சொன்னால் போதும். கத்தரிக்கோலை எடுத்தவருக்குப் புரிந்துவிடும். அந்தப் பெயர்: பாகவதர் கிராப்பு.

அந்தப் பெயருக்கு உரியவர் எம்.கே.தியாகராஜ பாகவதர். அவர் வாழ்க்கைக்கும் நாம் பிழைக்க வந்திருக்கும் இந்தத் தீவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அது பலருக்குத் தெரியாது.

பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை

பாகவதர் 1910-ம் ஆண்டு மார்ச் மாதம் மாயவரத்தில் பிறந்தார். தந்தை கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி, பொற்கொல்லர். குடும்பம் பிறகு திருச்சிக்குக் குடிபெயர்ந்தது.

பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் மனம் செல்லவில்லை. பாட்டு கேட்கும் இடமெல்லாம் போய் நின்றான். ஒரு சமயம் வீட்டை விட்டு ஓடி, தெலுங்கு தேசத்தில் கடப்பை வரை போய்விட்டான் என்றும், தந்தை தேடிச் சென்றபோது அங்கே ஒரு கூட்டத்தின் நடுவே பாடிக்கொண்டிருந்தான் என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அவனுடைய குரலைக் கண்டுபிடித்து மேடையில் ஏற்றியவர் ஒரு ரயில்வேக்காரர். அதைச் சொல்வதில் ரயில்வே குமாஸ்தாவான எனக்குக் கொஞ்சம் பெருமை. எப்.ஜி.நடேச அய்யர் தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரி. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் அவருக்கு நாடகம்தான். திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவை நிறுவியவர் அவர். அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேஷத்துக்கு அந்தப் பையனைத் தேர்ந்தெடுத்தார்.

பிறகு மதுரை பொன்னு அய்யங்கார் என்ற பிடில் வித்துவானிடம் முறையாகச் சங்கீதம் கற்றார். மேடையில் அவர் பாடிய பாட்டுக்காகவே பாகவதர் என்ற பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்தில் நாடக மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் குரல் போய்ச் சேர வேண்டும். அப்படிப் பழகிய குரல் அது.

மேடையிலிருந்து திரைக்கு

1934-ம் ஆண்டு பவளக்கொடி நாடகம் சினிமாவாக வந்தது. டைரக்டர் கே.சுப்பிரமணியம். கதாநாயகி எஸ்.டி.சுப்புலட்சுமி. பாகவதருக்கு அதுதான் முதல் படம்.

1937-ம் ஆண்டு வந்த சிந்தாமணி அவரை எங்கோ கொண்டுபோய் வைத்தது. ஒரே தியேட்டரில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய முதல் தமிழ்ப் படம் என்று அதைச் சொல்வார்கள். அதே ஆண்டில் அம்பிகாபதி வந்தது. அதை டைரக்ட் செய்தவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன். அடுத்து 1939-ல் திருநீலகண்டர், 1941-ல் அசோக்குமார், 1943-ல் சிவகவி. எல்லாம் வெற்றி. பாபநாசம் சிவன் எழுதிய பாட்டுகள் அவர் குரலில் ஊர் ஊராகப் பரவின.

பட்டு ஜிப்பா, காதில் வைரக் கடுக்கன், தோள் வரை தொடும் தலைமுடி. இதுதான் பாகவதர். ஜிப்பாவும் கடுக்கனும் எல்லோராலும் வாங்க முடியாது. ஆனால் முடி எல்லோருக்கும் வளரும். அதனால் ரசிகர்கள் முடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

குடுமிக்கும் கிராப்புக்கும் நடுவே

அதற்கு முந்தைய தலைமுறையில் ஆண்கள் பலர் முன்னந்தலையை மழித்து, பின்னால் நீளமாக வளர்த்துக் குடுமி முடிந்துகொண்டார்கள். இங்கிலீஷ் படிப்பும் ஆபீஸ் வேலையும் வந்தபோது கிராப்பு வந்தது. காதுக்கு மேலே ஒட்ட வெட்டிவிடுவது. குடுமியை எடுத்துவிட்டு வந்த மகனை வீட்டுக்குள் விடாத தகப்பன்மார் உண்டு.

பாகவதர் வைத்திருந்தது இரண்டுக்கும் நடுவே இருந்தது. முன்னந்தலையில் மழிப்பு இல்லை. நெற்றியிலிருந்து முடியைப் பின்பக்கமாக வாரிவிட்டிருப்பார். அது காதுக்குப் பின்னால் இறங்கிப் பிடரியில் நெளிநெளியாக விழும். அவர் பாடும்போது தலையை அசைத்தால் முடியும் சேர்ந்து அசையும். தகப்பனுக்கு அது வெள்ளைக்காரன் கிராப்பாகத் தெரியவில்லை. மகனுக்குப் பழைய குடுமியாகவும் தெரியவில்லை. அது அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நேரான முடிக்காரர்களின் பாடு

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பாகவதருக்கு இருந்தது நெளி முடி. ரசிகர்களில் பலருக்கு நேரான முடி. நேரான முடியை ஒரே நீளத்தில் வளர்த்தால் அதன் பாரமே அதைக் கீழே இழுக்கும். உச்சியில் ஒட்டிப் படிந்து, பிடரியில் விளக்குமாறு மாதிரி நிற்கும். எவ்வளவு எண்ணெய் வைத்து வாரினாலும் நெளி வராது.

இதற்குக் கைதேர்ந்த முடி திருத்துகிறவர் செய்யும் வேலைதான் இன்று லேயர் என்று அழைக்கப்படுகிறது. மேலே இருக்கும் முடியைக் கொஞ்சம் குட்டையாகவும், கீழே போகப் போக நீளமாகவும் படிப்படியாக வெட்டுவது. பாரம் குறைவதால் மேல்முடி சற்று எழும்பி நிற்கும். நுனிகள் ஒரே கோட்டில் நிற்காமல் வேறு வேறு உயரத்தில் நிற்பதால் தலையைத் திருப்பும்போது அசையும்.

மேல்நாட்டில் இதற்கு முதலில் நெருப்பைத் தேடினார்கள். பாரிஸ் நகரில் மார்செல் கிராட்டோ என்பவர் 19-ம் நூற்றாண்டிலேயே காய்ச்சிய இடுக்கியால் நேரான முடியில் அலை வரவழைத்தார். 1960-களில் லண்டனைச் சேர்ந்த விடால் சசூன், சூடும் சுருட்டலும் இல்லாமல், வெட்டும் விதத்தாலேயே முடிக்கு வடிவமும் அசைவும் கொடுக்கலாம் என்று காட்டி உலகப் புகழ் பெற்றார்.

இந்த வெட்டு எல்லா முடிக்கும் ஒரே மாதிரி உட்காராது. அடர்த்தியான நேர்முடி என்றால் அடுக்குகள் நன்றாக எடுக்கும். மெலிந்த முடியில் நிறைய அடுக்கு எடுத்தால் நுனி வெறிச்சோடிப் போகும். இரண்டொரு நீள அடுக்கே போதும். முதல் தடவை குறைவாக வெட்டச் சொல்ல வேண்டும். குறைத்ததை மறுபடி ஒட்ட வைக்க முடியாது. அந்தமான் மாதிரி கடற்காற்றும் வியர்வையும் உள்ள ஊரில் நேர்முடி நடுப்பகலுக்குள் படிந்துவிடும். கப்பல்துறையில் தலைக்கவசம் போட்டு வேலை செய்கிறவருக்கு உச்சியில் எடுத்த அடுக்கு வீண்தான். ஓரத்திலும் பிடரியிலும் எடுத்தால் நிலைக்கும்.

படம் ஓடியது, நாயகன் ஜெயிலில்

1944-ம் ஆண்டு தீபாவளிக்கு ஹரிதாஸ் வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் அது 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளிகளைக் கண்டது. தமிழ் சினிமாவில் அதுவரை அப்படி நடந்ததில்லை.

ஆனால் அந்தப் படம் ஓடிய காலத்தில் பெரும்பகுதி அதன் நாயகன் ஜெயிலில் இருந்தார்.

சினிமாக்காரர்களைப் பற்றி அவதூறாக எழுதிவந்த பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன். 1944-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி சென்னை வேப்பேரியில் அவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அவர் இறந்தார். அந்தக் கொலை வழக்கில் டிசம்பர் மாதம் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். சிவகவி படத்தின் டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார்.

சென்னை ஐகோர்ட்டில் ஜூரிகள் முன்னிலையில் விசாரணை நடந்தது. 1945-ம் ஆண்டு மே மாதம் தீர்ப்பு வந்தது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை. பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தீவாந்தர தண்டனை.

தீவாந்தரம் என்றால் இந்தத் தீவு

தீவாந்தரம் என்ற சொல்லை இன்றைய பிள்ளைகள் அறிய மாட்டார்கள். கைதியைக் கப்பலில் ஏற்றிக் கடல் கடந்து அனுப்புவது. நம் நாட்டுக் கைதிக்கு அது பெரும்பாலும் அந்தமான்தான். 1858-ம் ஆண்டு முதல் வெள்ளைக்காரன் இங்கே கைதிகளைக் கொண்டுவந்து இறக்கினான். 1906-ல் செல்லுலார் ஜெயில் கட்டி முடிந்தது. ஏழு சிறகுகள் இருந்த அந்தக் கட்டிடத்தில் இன்று மூன்றுதான் மிச்சம்.

ஆனால் பாகவதர் இங்கே வரவில்லை. தீர்ப்பு வந்த நாளில் அந்தமான் ஜப்பான்காரன் கையில் இருந்தது. 1942-ம் ஆண்டு மார்ச்சில் பிடித்த தீவை ஜப்பான் 1945-ம் ஆண்டு அக்டோபரில்தான் ஒப்படைத்தது. அதன் பிறகு இங்கே கைதிகளை அனுப்பும் ஏற்பாடே ஒழிக்கப்பட்டது. எனவே காகிதத்தில் தீவாந்தரம், அனுபவித்தது தாய்நாட்டு ஜெயிலில். பிறகு தீவாந்தரம் என்ற தண்டனையே சட்டப் புத்தகத்தில் ஆயுள் தண்டனை என்று மாற்றப்பட்டது. அந்தத் திருத்தம் 1955-ல் வந்தது.

ஐகோர்ட்டு அப்பீல் தோற்றது. வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அப்பீலை மறுபடி விசாரிக்க உத்தரவு வந்தது. வக்கீல் வி.எல்.எத்திராஜ் வாதாடினார். 1947-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். ஏறக்குறைய இரண்டரை வருஷம் போய்விட்டது.

திரும்பி வந்தவர்

என்.எஸ்.கிருஷ்ணன் மீண்டும் சினிமாவில் எழுந்து நின்றார். பாகவதரால் முடியவில்லை. கைதாகும்போது கையில் இருந்த ஒப்பந்தங்கள் கலைந்துபோயிருந்தன. 1948-ல் சொந்தமாக எடுத்த ராஜமுக்தி ஓடவில்லை. 1952-ல் வந்த அமரகவியும் சியாமளாவும் பழைய புகழை மீட்டுத் தரவில்லை. 1957-ல் தாமே டைரக்ட் செய்த புதுவாழ்வும் கைகொடுக்கவில்லை.

குரல் கெட்டுப்போகவில்லை. காலம் மாறிவிட்டது. பாட்டு கேட்கத் தியேட்டருக்குப் போன ஜனங்கள் வசனம் கேட்கப் போனார்கள். 1952-ல் வந்த பராசக்தி அதற்குச் சாட்சி. புதிய நாயகர்கள் முடியைக் குட்டையாக வெட்டி நெற்றியில் சுருள் விட்டார்கள். கடைகளில் கேட்கப்படும் பெயரும் மாறியது.

பாகவதர் கச்சேரிகளில் பாடிக்கொண்டிருந்தார். நீரிழிவு நோய் உடம்பை அரித்தது. 1959-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 49. அவர் நடித்தவை மொத்தம் 14 படங்கள்தான். கடைசிப் படமான சிவகாமி அவர் இறந்த பிறகு 1960-ல் வந்தது.

பெயர் நின்றது

1970-களில் ஹிப்பி முடி வந்தபோது, பிடரி வரை முடி வளர்த்த பேரனைப் பார்த்துப் பெற்றோர்கள் திட்டினார்கள். தாத்தாக்கள் மட்டும் சிரித்துக்கொண்டார்கள். அவர்கள் பாகவதர் கிராப்போடு அலைந்தவர்கள்.

ஹரிதாஸ் பார்க்க பிராட்வே வாசலில் வரிசையில் நின்றவர்களில் எத்தனையோ பேர் தலையில் அந்தக் கிராப்பு இருந்திருக்கும். அது யாருடையதோ அவர் அப்போது கம்பிக்குப் பின்னால் இருந்தார். அவர் வெளியே வந்து படம் எடுத்தபோது அந்தக் கூட்டம் வரவில்லை. முடியைப் பின்பற்றுவது சுலபம். அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்த சாதகத்தையும், விழுந்த பிறகும் பாடிய பொறுமையையும் பின்பற்றுவது கஷ்டம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை நாற்காலியில் உட்காரும்போது செல்போனை எடுப்பதற்கு முன் எதிரே உள்ள கண்ணாடியைப் பாருங்கள். முடி நேரா, நெளியா, அடர்த்தியா, மெலிவா என்று கடைக்காரரையே கேளுங்கள். செய்யும் வேலையையும் சொல்லுங்கள். உங்கள் தலைக்கு எத்தனை அடுக்கு என்பதை அவர் அதற்குப் பிறகு முடிவு செய்யட்டும்.