ஜூலை 24 ஏன் 'வருமான வரி நாள்'? இந்தியாவுக்கு இந்த வரியைக் கொண்டு வந்த தொப்பி வியாபாரியின் கதை

ஃபார்ம் 16 வந்தாச்சா, ஏஐஎஸ் பார்த்தாச்சா என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்கள் பரபரக்கும் மாதம் ஜூலை. சம்பளக்காரர்கள் கணக்கு தாக்கல் செய்ய வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. அதற்கு ஒரு வாரம் முன்னால், ஜூலை 24-ஐ வருமான வரி நாளாக வரித்துறை கொண்டாடுகிறது. 1860-ல் அந்த நாளில்தான் இந்தியாவில் முதன்முறையாக வருமான வரி நடைமுறைக்கு வந்தது. அதைக் கொண்டு வந்த ஜேம்ஸ் வில்சன், 18 நாள் கழித்து கல்கத்தாவில் இறந்துபோனார்.

யார் இந்த வில்சன்?

1805-ல் ஸ்காட்லாந்தின் ஹாயிக் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா கம்பளித் துணி உற்பத்தியாளர். 16 வயதில் தொப்பி செய்யும் தொழில் கற்கப் போன வில்சன், பிறகு லண்டனில் அதையே வியாபாரமாக நடத்தினார். நல்லாத்தான் போனது. ஆனால், அவுரி விலை ஏறும் என்று நம்பிப் பணத்தைப் போட்டு, 1837 வாக்கில் சொத்தில் பெரும்பகுதியை இழந்தார்.

பிரிட்டனில் அப்போது இறக்குமதி தானியத்துக்கு வரி இருந்தது. அதனால் ரொட்டி விலை ஏறியது. இந்த வரியை எதிர்த்து எழுதவே 1843-ல் 'தி எகானமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கினார். 1847-ல் எம்.பி. ஆனார். 1853-ல் அவர் தொடங்கிய சார்ட்டர்ட் வங்கிதான் இன்றைய ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியின் முன்னோடிகளில் ஒன்று.

வரி ஏன் வந்தது?

1857 கிளர்ச்சியை அடக்க ஆன செலவில், பிரிட்டிஷ் இந்திய அரசு பெரும் கடனில் சிக்கியது. அதைச் சரிசெய்ய 1859 கடைசியில் வில்சன் அனுப்பப்பட்டார். விவசாயி நிலவரி கட்டுகிறார், வியாபாரிகளும் அதிகாரிகளும் பெரிதாக எதுவும் கட்டுவதில்லை என்பது அவர் வாதம். 1860-ல் அவர் தாக்கல் செய்ததுதான் இந்தியாவின் முதல் பட்ஜெட்.

விகிதம் சிம்பிள்தான். ஆண்டு வருமானம் 200 ரூபாய்க்குக் கீழே என்றால் வரி இல்லை. 200 முதல் 500 வரை 2 சதவீதம். அதற்கு மேல் 4 சதவீதம்.

மெட்ராஸில் கிளம்பிய எதிர்ப்பு

மெட்ராஸ் கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் இதைக் கடுமையாக எதிர்த்தார். லண்டன் நிதித்துறையில் வில்சனோடு வேலை பார்த்தவர்தான். புது வரி மக்களைக் கொதிக்க வைக்கும், அதற்குப் பதில் செலவைக் குறைக்கலாம் என்றார். தன் எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளிலும் வெளியிட வைத்தார். விளைவு, கவர்னர் பதவி போனது.

வரி கட்டச் சொல்லப்பட்ட இந்தியர்களுக்கு ஓட்டும் இல்லை, அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்க வழியும் இல்லை. ஒரு வரியை எதிர்த்துப் பெயர் வாங்கிய வில்சன், அப்படிப்பட்ட மக்கள் மேல் இன்னொரு வரியைப் போட்டார்.

1860 ஆகஸ்ட் 11-ல் வயிற்றுக்கடுப்பு நோயால் அவர் இறந்தார். வயது 55. கல்கத்தாவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அதன் பிறகு?

1862-ல் 500 ரூபாய் வரை விலக்கு கிடைத்தது. அடுத்த ஆண்டு வரி 3 சதவீதமானது. 1865-ல் முழுசாக நின்றே போனது. அப்போது நிதிப் பொறுப்பில் இருந்தது யார் தெரியுமா? பதவி பறிபோன அதே டிரெவெல்யன்! ஆனால், நிறுத்தியது நிலைக்கவில்லை. வரி மறுபடி மறுபடி வந்து, 1886 சட்டத்தோடு நிரந்தரமானது.

இன்றைய ரிட்டர்னில் என்ன மிச்சம்?

நிலம், தொழில்-வியாபாரம், கடன் பத்திரம்-டிவிடெண்ட், சம்பளம்-பென்ஷன் என்று 1860 சட்டம் வருமானத்தை நான்காகப் பிரித்தது. இன்றும் ரிட்டர்ன் இப்படித் தலைப்பு தலைப்பாகத்தான் கேட்கிறது. விவசாய வருமானத்துக்கு இப்போது வரி இல்லை. வீட்டு வாடகை, மூலதன ஆதாயம் ஆகியவை தனித் தலைப்புகள்.

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஃபார்ம் 16-ல் பெரும்பாலும் சம்பளக் கணக்கு மட்டுமே இருக்கும். சேமிப்புக் கணக்கு வட்டி, எஃப்.டி. வட்டி, டிவிடெண்ட், மியூச்சுவல் ஃபண்ட் விற்ற லாபம் எல்லாம் ஏஐஎஸ்-ல் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு தலைப்பாகச் சரிபார்த்த பிறகு 'சப்மிட்' கொடுங்க.