எல்லாப் பெண்களுக்கும் வாக்குக் கேட்ட ஏக்னஸ் அம்மையார்

நாம் இன்று வரிசையில் நின்று வாக்களிப்பதற்கு நன்றி கூற வேண்டியவர்களுள் ஏக்னஸ் டி சில்வா அம்மையாரும் ஒருவர். 1885இல் பறங்கியர் குடும்பமொன்றிற் பிறந்த அவர், கண்டியின் புகழ்பெற்ற வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான ஜோர்ஜ் ஈ. டி சில்வாவை மணந்தார். 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியபோது அதன் செயலாளராகத் தொண்டாற்றினார்.

அச்சங்கத்தார் டொனமூர் ஆணைக்குழுவின் முன் தோன்றிக் கேட்டது வரையறுக்கப்பட்ட வாக்குரிமையையே. அப்போது டொனமூர் பிரபு, தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் அது வேண்டுமா என வினவினார். அவர்களும் பெண்களே என்றும், எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமென்றும் அம்மையார் தயங்காது பதிலளித்தார். கொழுந்து பறிக்கும் பெண்களுக்காக ஒரு பறங்கிப் பெண்மணி பேசிய சொற்கள் அவை.

1931இல் 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாரும் வாக்குரிமை பெற்றனர். தோட்டத் தமிழர்க்கோ குடியிருப்பு நிபந்தனைகள் தடையாயின. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுட் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. அதையும் கண்டே 1961இல் அம்மையார் மறைந்தார்.

மலையகப் பிள்ளைகளும் எம்முடன் ஒரே வகுப்பிற் படித்த கல்லூரி இது. தமக்கெனக் கேட்கப்போன இடத்தில் பிறரையும் சேர்த்துக் கேட்ட அவரை நாம் நன்றியோடு நினைவுகூர்கின்றோம்.