ஸ்ட்ரௌஜர்

அமெரிக்க நாட்டின் கான்சாஸ் நகரில் ஈமப் பணி செய்து வாழ்ந்தவர் அல்மன் ஸ்ட்ரௌஜர். முன்னர்ப் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளைத் தொலைபேசி நிலையத்தார் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகின்றனர் என அவர் ஐயுற்றார் என்பர். அந்த ஐயம் மெய்யோ பொய்யோ, உலகிற்கு அதனால் நன்மையே விளைந்தது. ஆள் துணையின்றி இணைப்புத் தரும் பொறியை அமைத்து, 1891-இல் காப்புரிமை பெற்றார். பேச விரும்புவோர் எண்ணுக்கேற்பப் பொத்தானை அழுத்துவர். ஒவ்வோர் அழுத்தமும் மின்துடிப்பாகச் சென்று, நிலையத்துக் கருவியின் கையைப் படிப்படியாக நகர்த்தும். 1892-இல் லாபோர்ட் நகரில் இத்தகைய முதல் நிலையம் திறக்கப்பட்டது.

நெடுந்தொலைவுக் கம்பிகளில் அத்துடிப்புகள் உருக்குலைந்தன. ஆதலின் பின்வந்தோர் எண்களை ஒலிக்குறிகளாக்கி அனுப்பினர். 1951-இல் நியூஜெர்சியின் எங்கில்வுட் நகரத் தலைவர், கலிபோர்னியாவின் அலமீடா நகரத் தலைவரை நேரே எண் சுழற்றி அழைத்தார். ஸ்ட்ரௌஜரோ, தம் உரிமைகளைச் சிறு தொகைக்கு விற்றுவிட்டு, 1902-இலேயே மறைந்திருந்தார்.